பந்திப் பாட்டு பாடிய மகனுக்கு

தம்பி,

நீ ஜப்பான் அதிகாரி வீட்டுக்கு விடைபெறப் போயிருக்கிறாய். மதியம் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு சாயங்காலம் லாரி ஏறுவாய். நம் ஊர்த் தண்டவாளத்தை அவர்கள் பெயர்த்துக்கொண்டு போன பிறகு மலாக்காவுக்கு ரயில் ஏது? தம்பின் ஊர் வரை லாரி, அங்கிருந்து ரயில், அப்புறம் சியோனான். நான் சிங்கப்பூர் என்று சொன்னால் உனக்குக் கோபம் வருகிறது. அதனால் ஜப்பான்காரன் வைத்த பெயரையே எழுதுகிறேன். அங்கே வானொலி நிலையத்தில் உனக்கு வேலை. மைக்கின் முன்னால் உட்கார்ந்து பாடவும் பேசவும் போகிறாய். பெற்றவள் என்ற முறையில் நான் நாலு வரி வாழ்த்தி எழுத வேண்டும். உட்கார்ந்து பார்த்தேன், வாழ்த்து வரவில்லை. புத்திமதி வருகிறது, வசவு வருகிறது. வருவதை எழுதுகிறேன். இதை மடித்து உன் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போவேன். உனக்கு முன்னால் வேறு யாரும் இதைப் படிக்கக் கூடாது.

முதலில் தொண்டை. பாடுவதற்கு முன்னால் ஐஸ் போட்டது எதையும் குடிக்காதே. மிளகு கொஞ்சம்தான் கிடைத்தது, பொட்டலம் கட்டி உன் வேட்டிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கழுத்தைத் தூக்குகிறாய். எத்தனை தடவை சொன்னாலும் திருந்தவில்லை, அங்கேயாவது கண்ணாடி வைத்துப் பழகு. உன் குரல் நல்ல குரல். நான் உட்கார்ந்து உருவாக்கிய குரல். அது கெட்டுப்போனால் எனக்குப் பொறுக்காது. அந்தக் குரலை வைத்திருக்கிற ஆளைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஒரு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

போன மாதம் பாடாங்கு மைதானத்தில் மேடை போட்டு நீ பேசினாயே, விஞ்ஞானமும் சமுதாயமும் என்று, அதைக் கேட்க என்னை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாய். ஒரு கம்பியும் ஒரு ஒலிபெருக்கிக் குழாயும் ஒரு குரலும் இருந்தால் சிதறிக் கிடக்கிற ஜனங்கள் ஒரே குடும்பமாகிவிடுவார்கள் என்றாய். முன்பெல்லாம் ஒரு செய்தி ஊர் முழுக்கப் பரவ ஒரு நாள் பிடித்தது, இப்போது கண் சிமிட்டும் நேரம் போதும் என்றாய். சமுதாயம், சமுதாயம் என்று அந்தச் சொல்லை வெற்றிலை மாதிரி மென்றுகொண்டே இருந்தாய். அதிகாரிகள் கைதட்டினார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள் தட்டினார்கள். என் பக்கத்தில் செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பைச் சேர்ந்த அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, மலாய்தான். என் தோளைத் தட்டி, "மாக்கான் அடா?" என்று கேட்டாள். சாப்பாடு உண்டா என்கிறாள். இல்லை என்றேன். உடனே எழுந்து புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு உன் பேச்சை ஒழுங்காக எடை போட்டவள் அவள்தான்.

குழாய் இல்லாமல் பேசிப் பிழைத்தவள் நான். உன் அப்பாவும் நானும் நாடகக் கம்பெனியோடு கப்பல் ஏறி வந்து, பினாங்கிலிருந்து ஒவ்வொரு ஊராக இறங்கி, மலாக்காவில் கம்பெனி உடைந்து இங்கேயே தங்கிவிட்டோம் என்பது உனக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று உண்டு. தெங்கேராவில் கொட்டகை போட்டிருந்தபோது கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, நாளை ஆட்டத்துக்கு வருகிறவர்களில் ஒருவருக்கு ஒரு மூட்டை அரிசி பரிசு என்று மேடையில் சொல்லு என்றார். ராணி வேஷத்தில் நின்று சொன்னேன், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி. மறுநாள் கொட்டகை நிறைந்தது. அரிசியும் இல்லை, மூட்டையும் இல்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் நான் மீன் வாங்க பசாருக்குப் போனேன். பொம்பளைகள் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். "வாடி ராணி, அரிசி எங்கே?" என்று ஒருத்தி கூந்தலைப் பிடித்தாள், இன்னொருத்தி மீன் கழுவிய தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். உன் அப்பா சண்டைக்குப் போகப் பார்த்தார், நான்தான் தடுத்தேன். பொய் சொன்னவள் நான், அவர்கள் கேட்டது நியாயம். என் குரல் எட்டிய தூரத்துக்குள்தான் நான் மறுநாள் காய்கறி வாங்கப் போக வேண்டியிருந்தது. அதனால் அதற்குப் பிறகு மேடையில் வசனம் தவிர வேறு எதையும் நான் சொல்லவில்லை. உன் குரல் இப்போது போகிற தூரத்தில் எந்தப் பசார் இருக்கிறது, யார் உன் தலைமுடியைப் பிடிக்கப் போகிறார்கள்? உன் மேடைப் பேச்சில் இதற்கு ஒரு வரி பதில் இருக்குமா என்று கடைசி வரை காத்திருந்தேன்.

இத்தனை திட்டினாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். யுத்தத்துக்கு முன்னால் உன்னைப் பார்த்து நான் கர்வப்பட்டேன். உன் அப்பா போனபின் நான் தோசை சுட்டு விற்றேன், நீ அவருடைய ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடு கல்யாண வீடாகப் போனாய். என் வளையல்களை விற்று நீ அந்த ஒலிபெருக்கி செட்டை வாங்கி வந்த அன்று நம் காஜா பெராங் பேட்டையே வாசலில் நின்றது. கல்யாண வீட்டுப் பந்தலுக்கு மேல் குழாயைக் கட்டி, பத்திரிகை வைக்க விட்டுப்போனவர்களும் சாப்பிட வரட்டும் என்று நீயே ஒரு பாட்டுக் கட்டினாய். "இலை விரிச்சாச்சு, எல்லாரும் வாங்க, யாரு எவருன்னு கேக்க மாட்டோம் வாங்க." நீ ஹார்மோனியம், உன் சிநேகிதன் மருதை தபேலா. அதற்குப் பந்திப் பாட்டு என்று ஊரே பெயர் வைத்தது. அந்தப் பாட்டு கேட்டால் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், யாரும் எழுப்பிவிட மாட்டார்கள் என்பது நம் பக்கத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ரப்பர் தோட்டத்துக் கூலி வீடுகளான லயங்களிலிருந்து சனம் நடந்து வந்தது. தமிழ் தெரியாத செட்டிக் கம்பத்துப் பிள்ளைகள்கூட அந்த மெட்டைக் கேட்டதும் "மாக்கான், மாக்கான்" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். பணக்காரன் வீட்டுக் கல்யாணத்தில் பால்மரம் வெட்டுகிறவன் கூசாமல் உட்கார்ந்து சாப்பிட்டான். என் வளையல் போனது போகட்டும் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஜப்பான்காரன் வந்தான். ரேடியோ வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொண்டுவந்து காட்ட வேண்டும், தூரத்து நிலையங்களைப் பிடிக்காதபடி அடைத்து முத்திரை போடுவோம் என்றான். அந்த வேலையை யார் செய்வது என்று தேடினான். ரேடியோவைத் திறக்கத் தெரிந்தவன் நீ. ஊரில் ஒவ்வொரு வீட்டு ரேடியோவின் காதையும் நீதான் அடைத்தாய். வேறு வழியில்லை அம்மா என்றாய், சரி என்றேன். அப்புறம் அவன் பாஷையைப் படித்தாய். எல்லாரும்தான் படித்தார்கள், ஆனால் நீ நன்றாகப் படித்தாய், பாடுகிறவனுக்குக் காது கூர்மை. விசாரணைக்குப் பிடித்து வைத்தவர்கள் பேசுவதை மொழிபெயர்க்க உன்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். உன் குழாய்கள் கல்யாணப் பந்தலை விட்டு இறங்கி முச்சந்திக் கம்பங்களில் ஏறின. கல்யாணம் செய்ய யாரிடம் அரிசி இருந்தது? மரவள்ளிக் கிழங்கைத் தின்று எல்லாருக்கும் கால் வீங்கிப்போயிருந்தது. ஊரில் வேறு எந்தக் குரலும் இல்லை, உன் குரல் மட்டும்தான். அப்போதே நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நீ வீட்டுக்கு உப்பும் சீனியும் கொண்டுவந்தாய், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முதல் காட்சியைப் பற்றி எழுதுகிறேன். நீ அதை மறந்துவிட்ட மாதிரி நடந்துகொள்கிறாய். ஆயர் குரோ பக்கத்துத் தோட்டத்தில் இலவசச் சினிமா, வருகிறவர்களுக்கெல்லாம் சோறும் கறியும், நீயும் கடவுள் வாழ்த்துப் பாட வா அம்மா என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். ரப்பர் ஷீட்டு காயவைக்கும் பெரிய கொட்டகையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். நீ குழாயைக் கூரைமேல் கட்டி, பந்திப் பாட்டைப் பாடினாய். அந்தப் பாட்டைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! சனம் வந்தது பார், துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு, பொம்பளைகள் தலையில் காட்டுப்பூ வைத்துக்கொண்டு, பிள்ளைகள் ஆளுக்கொரு தகரத் தட்டோடு. மருதையின் மச்சான் செல்லையா தன் பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்து, "உங்க பையன் கூப்பிட்டா நாங்க வராம இருப்போமாம்மா?" என்றான்.

உள்ளே எல்லாரும் உட்கார்ந்ததும் பெரிய கதவை வெளியிலிருந்து சாத்தினார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் வரிசை வரிசையாக நடந்து ஆண்களை ஒரு பக்கம் இழுத்தார்கள். செல்லையா தோளிலிருந்த பிள்ளையை ஒருவன் பிடித்து இறக்கி, வழியில் கிடக்கிற சாமான் மாதிரி ஓரமாக வைத்தான். நீ மைக்கின் முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்தாய். மருதையின் கை தபேலாவில் நின்றுவிட்டது. நீ நிறுத்தவில்லை. நான் எழுந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். குழாய் அடங்கியது. அடங்கிய பிறகுதான் கொட்டகைக்குள் எவ்வளவு அழுகை இருந்தது என்று நமக்குக் கேட்டது. உனக்கும் கேட்டது, உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதிகாரி உன்னைப் பார்த்துக் கையை மேலே தூக்கிக் காட்டினான். நீ என் மணிக்கட்டைத் திருகி, "அம்மா, சும்மா இரு" என்று சொல்லிவிட்டு ஒயரைத் திரும்பச் சொருகினாய். குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினாய். பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தாய். இன்றைக்கும் அந்தக் கையால் எனக்குத் தேங்காய் துருவ முடியவில்லை.

லாரிகள் தம்பினுக்குப் போயின. அங்கிருந்து சயாமுக்கு, ரயில் ரோடு போட. செல்லையாவிடமிருந்து இன்றுவரை ஒரு வார்த்தை வரவில்லை, அந்த லாரிகளில் ஏறிய எவனிடமிருந்தும் வரவில்லை. உனக்குக் கூலியாக ஒரு மூட்டை அரிசி வந்தது. அதை நான் ஆள் வைத்துத் தூக்கிப்போய்ச் செல்லையா பெண்டாட்டியிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள், பிள்ளைக்குச் சோறு வேண்டுமே. வாங்கி உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி வந்து என் முகத்தில் துப்பினாள். நான் துடைக்காமலே நம் வீடு வரைக்கும் நடந்து வந்தேன். நீ வாசலில் உட்கார்ந்து ஹார்மோனியத்துக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாய். "கூட்டிக்கிட்டுப் போகப் போறாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றாய். நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். முதல் தடவை நீ பாட ஆரம்பித்தபோது உனக்குத் தெரியாது.

மருதை தபேலாவைச் சாக்கில் கட்டி, இனிமேல் உன்னோடு வாசிக்க மாட்டேன் என்று உன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனான். பள்ளிக்கூடத்திலிருந்து உன்னோடு ஒரே தட்டில் தின்றவன். அவனுக்கு இருந்த முதுகெலும்பில் பாதியாவது உனக்கு இருக்கும் என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து நீ சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாய்.

"நாளன்னிக்கு இன்னொரு தோட்டத்துல ஷோ இருக்கும்மா."

"அதே பாட்டா?"

"அதே பாட்டுதான். அதக் கேட்டுத்தானே சனங்க வர்றாங்க."

"வந்தா என்ன ஆகும்னு இப்போ உனக்குத் தெரியும்லடா?"

நீ சோற்றைப் பிசைந்தாய். "நான் பாடலேன்னா வேற எவனையாவது வெச்சுப் பாடுவாங்க. அவனுக்குச் சுருதிகூடச் சேராது" என்றாய். அப்புறம், "மெஷினுக்கு என்னம்மா தெரியும்? அது மேல பழி போடாதே. நல்லதுக்கு வெச்சா நல்லது செய்யும்" என்றாய். மெஷினை நான் எங்கே பழித்தேன்? மெஷின் பாவம், ஒயரைப் பிடுங்கியதும் நின்றது. உன்னை நிறுத்த எந்த ஒயரைப் பிடுங்குவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஷோவுக்கு முதல் நாள் காலையில் நான் எங்கே போனேன் என்று நீ கேட்கவில்லை. கிழங்கு வடை சுட்டு, கூடையில் வைத்து, அந்தத் தோட்டத்துக்கு நடந்து போனேன். லயத்துக்குப் பொதுவான தண்ணீர்க் குழாயடியில் பொம்பளைகள் வரிசையில் நின்றார்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேசினேன். மெதுவாகப் பேச எனக்கு எப்போது தெரியும்? கடைசி லயம் வரைக்கும் கேட்டது.

"நாளைக்கு இங்க பந்திப் பாட்டு பாடுவான். பாட்டு கேட்டதும் ஆம்பிளைங்க ஒருத்தர்கூட வீட்ல இருக்கக்கூடாது. காட்டுக்குள்ள போயிடுங்க. சோறும் கிடையாது, சினிமாவும் கிடையாது, சயாமுக்குத்தான்."

ஒருத்தி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். "யாருக்கா நீங்க? எவனோ பாடுறவன் மேல உள்ள பொறாமையில சொல்றீங்களா?"

"பாடுறவன் என் மவன்."

"பெத்தவளே புள்ளையப் பத்தி இப்படிச் சொல்வாளா?"

"பெத்தவ சொல்றேன், அதனாலதான் நம்பு" என்றேன். "நான் சொல்றது பொய்யா இருந்தா நாளன்னிக்குக் காஜா பெராங்குக்கு வந்து என் முடியப் பிடிங்க. கோயிலுக்குப் பின்னால உள்ள வீடு. யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் கூடையிலிருந்து ஒரு வடையை எடுத்துத் தன் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, பக்கத்து லயத்துக்குச் சொல்லிவர ஓடினாள். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை வந்தது. உனக்காக அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இந்தத் தொண்டையை எனக்குக் கொடுத்தது எதற்கென்று இத்தனை வயசில் தெரிந்ததே என்று அழுதேன்.

மறுநாள் நீ பாடினாய், பாடினாய், தொண்டை கட்டும்வரை பாடினாய். வந்தது ஓட முடியாத இரண்டு கிழவிகளும் ஒரு நாயும்தான் என்று நீயே பிறகு என்னிடம் சொன்னாய். அதிகாரி உன்னை எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தான். வீங்கிப்போன முகத்தோடு வந்து நின்றாய், நான் தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். உனக்கு வலித்தது எனக்கும் வலித்தது, ஆனாலும் அந்த அறை உனக்குத் தேவை என்று தோன்றியது. "எவனோ போய்ச் சொல்லியிருக்கான்மா, அவனைக் கண்டுபிடிக்காம விட மாட்டேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய். எவனோ என்றாய். ஒரு பொம்பளை வாய் அவ்வளவு தூரம் போகும் என்று உனக்குத் தோன்றவே இல்லை. கோபத்தில் உளறுகிறாய் என்று நான் விட்டுவிட்டேன். அடுத்த வாரமே உனக்குச் சியோனான் வேலை கிடைத்தது. அறை வாங்கியவனுக்கு எப்படி உத்தியோக உயர்வு வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

நேற்று மத்தியானம் மருதையின் மனைவி அஞ்சலை வந்தாள். நீ வீட்டில் இல்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், உள்ளே வா என்றால் வரவில்லை. மருதையைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று நாளாகிறதாம். கெம்பெய்த்தாய் என்கிற ஜப்பான் ராணுவப் போலீஸ் வைத்திருக்கிற வீட்டு வேலிக்கு வெளியே இவள் நிற்கிறாள். உள்ளேயிருந்து அவன் சத்தம் கேட்கிறதாம். தண்ணீரை வாயில் ஊற்றி வயிற்றில் மிதிக்கிறார்களாம், அங்கே கூட்டித் துடைக்கிறவன் சொல்லியிருக்கிறான்.

"அவரு எதுக்குமே போகலம்மா. தபேலாவ எடுத்து வெச்சிட்டு வீட்டோட கெடந்தாரு. உங்க பையன்தான் பேரு கொடுத்தாராம். உங்க பையன் ஒரு வார்த்த சொன்னா விட்டுடுவாங்கம்மா. எங்கண்ணன் செல்லையாவையும் சயாமுக்குக் கொடுத்துட்டோம். இவரையாச்சும் விடச் சொல்லுங்கம்மா."

அவள் உன்னைத் திட்டவில்லை. கெஞ்சினாள். உன்னைப் பற்றிச் சொல்லும்போதுகூட மரியாதையாகத்தான் சொன்னாள், பயம். வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டு, அவன் வந்துவிடுவான் என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் நீ சாப்பிட உட்கார்ந்ததும், "மருதை எங்கேடா?" என்று கேட்டேன். நீ தலை தூக்காமல், "எனக்கென்ன தெரியும்? தப்பு செஞ்சிருப்பான், பிடிச்சிருப்பாங்க" என்றாய். அப்புறம் ரசம் கேட்டாய். நான் ஊற்றினேன். அந்த நிமிஷத்தில் எனக்கு உன்மேல் இருந்தது கோபம்கூட இல்லை. அருவருப்பு. பெற்ற பிள்ளைமேல் அருவருப்பு வருவது எப்படியிருக்கும் என்று எந்தத் தாயும் தெரிந்துகொள்ள வேண்டாம்.

உன் சந்தேகத்துக்குக் காரணம் இருந்திருக்கலாம். வாசிக்க மாட்டேன் என்று சொன்னவன் அவன் ஒருத்தன்தான், ஆகையால் போய்ச் சொன்னவனும் அவனாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பாய். ஊரில் மனச்சாட்சி உள்ளவன் ஒருத்தன்தான் என்று நினைத்தது உன் தப்பு. நம் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள் என்பது உன் கணக்கில் வரவில்லை. உன் குழாய் ஊர் முழுக்க எட்டுகிறது, எதிரே உட்கார்ந்து சோறு போடுகிறவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு நாள் நீ கேட்டதில்லை. சியோனானில் இதைவிடப் பெரிய மைக் இருக்கும். நாடு முழுக்கக் கேட்கும். அங்கேயும் விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசு, யார் வேண்டாம் என்றது. ஆனால் யாரையாவது ஓர் இடத்துக்கு வாருங்கள் என்று கூப்பிடுமுன் அந்த இடத்துக்கு நீ முதலில் போய் உட்கார்ந்து பார். அங்கே போட்ட சோற்றை முதலில் நீ தின்று பார். கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்று பார். அப்புறம் கூப்பிடு. இதைக்கூடப் பெற்றவள் எழுதித்தான் தெரியவேண்டியிருக்கிறது உனக்கு.

இப்போது நான் கிளம்புகிறேன். கெம்பெய்த்தாய் வீட்டுக்குத்தான். அந்தத் தோட்டத்தில் போய்ச் சொன்னவள் நான், மருதைக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று சொல்லப் போகிறேன். தோட்டத்துச் சனங்கள்மேல் பழி விழாதபடி ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன். முன்னால் சினிமா காட்டிய தோட்டத்தில் காலரா கண்டிருக்கிறது என்று பொய் சொல்லி அவர்களைப் பயமுறுத்தினேன், அவர்கள் பயந்து ஓடினார்கள் என்பேன். நீயும் அப்படியே வைத்துக்கொள், படித்ததும் இதை அடுப்பில் போடு. அங்கே போகிறவர்களை முதலில் வெயிலில் நிற்கவைப்பார்கள், அதிகாரி வர மதியம் தாண்டும். அதற்குள் நீ வீட்டுக்கு வந்து இதைப் படித்திருப்பாய்.

மொழிபெயர்க்க உன்னைத்தான் கூப்பிடுவார்கள், தம்பி. வேறு ஆள் ஊரில் இல்லை. லாரி ஏறுவதற்கு முன்னால் இந்த ஒரு வேலை உனக்கு இருக்கிறது. ஓடிப்போகலாம் என்று நினைத்தால், உன்னைத் தேடி லாரிக்கே வருவார்கள், அது உனக்கு இன்னும் கேடு. கிழவிக்குப் புத்தி கலங்கிவிட்டது, ஏதோ உளறுகிறாள் என்று சொல்லி என்னைக் காப்பாற்றலாம் என்று உனக்குத் தோன்றும். எனக்குத் தெரியும், நீ அதைத்தான் முதலில் நினைப்பாய், என்ன இருந்தாலும் நான் தூக்கி வளர்த்தவன். சொல்லாதே. அப்படிச் சொன்னால் நான் வீட்டுக்கு வருவேன், மருதை வரமாட்டான், அதற்குப் பிறகு உன் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டேன். நான் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திச் சொல்வேன், உனக்குச் சிரமம் இருக்காது. கூட்டாதே, குறைக்காதே. மருதையை வெளியே விடும்வரைக்கும் அங்கேயே நின்று பார், அவனால் நடக்க முடியாவிட்டால் தூக்கிக்கொண்டுபோய் அஞ்சலையிடம் விடு.

எழுதிக்கொள்வதற்காக அதிகாரி என்னைப் பற்றியும் கேட்பான். பேர் கேட்டால் நானே சொல்லிவிடுவேன், ஊர் கேட்டால் காஜா பெராங் என்று சொல்வேன். இவள் உனக்கு யார் என்று உன்னிடம் கேட்பான். அதற்கு மட்டும் நான் உனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை. என்ன சொல்ல வருகிறதோ, அதைச் சொல்.

அம்மா